மடியில் கனம், வழியில் சார்ஜர்

சிதம்பரத்துக்குக் கெளம்பிட்டியா பேராண்டி? மவராசனாப் போயிட்டு வா. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல பேரன் படிக்கிறான்னு ஊருல நாலு பேருகிட்ட சொல்லிக்கிறது எனக்கும் பெருமைதான். 1929ல செட்டிநாட்டு ராசா ஆரம்பிச்சது, லேசுப்பட்டதா? ஆனா ஒண்ணு கேக்குறேன், கோவிச்சிக்காத. இம்மாம் பெரிய பையில புஸ்தகம் எந்த மூலையில இருக்குது?

நேத்து ராத்திரி திண்ணையில பையைக் கவுத்துக் கொட்டி ஒவ்வொண்ணா சார்ஜ் போட்டியே, ஓரக்கண்ணால பாத்துக்கிட்டுதான் இருந்தேன். போன் ஒண்ணு. அதுக்குச் சார்ஜ் போயிட்டா பேச இன்னொரு போன். ரெண்டுக்கும் சார்ஜ் போயிட்டா ஊட்டிவுடப் பவர் பேங்கு. காதுல சொருவுற மொட்டு ரெண்டு, அதுங்க ரெண்டும் படுத்துத் தூங்க ஒரு டப்பா. மொட்டு தொலைஞ்சிட்டா மாட்டிக்கக் கழுத்துப்பட்டி ஒண்ணு. கையில பேசுற கடியாரம். வயரு அரை டஜன், அதுல எது எதுக்குன்னு உனக்கே தெரியல. செல்ஃபி குச்சி. கழுத்துல மாட்டிக்கிற குட்டி விசிறி வேற. எல்லாத்தையும் மேல தொங்கவுட்டுக்கிட்டு நீ வாசல்ல எறங்கி நடந்தா, அய்யனாரு குதிரைக்கு மணி கட்டுனாப்புல இருக்குது. குதிரையாவது நின்ன எடத்துல நிக்கும். நீ இதையெல்லாம் தூக்கிக்கிட்டு ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூருன்னு பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போவணும்.

மடியில கனம் இருந்தா வழியில பயம்னு பெரியவங்க சொல்லி வச்சாங்க. கள்ளனை மனசுல வச்சிச் சொன்னது. உன் காலத்துல கள்ளன் பயம் ரெண்டாம் பட்சம். எங்க பிளக் பாயிண்டு இருக்குதுங்கிறதுதான் மொதப் பயம்.

நான் குத்தம் சொல்லல. இடுப்புலயும் மடியிலயும் சாமானைச் சுமக்கிறது நம்ம பரம்பரைக் குணம். எங்க தாத்தன் அரணாக்கயித்துல ஒரு முள்வாங்கி தொங்கும். நீ பாத்திருக்க மாட்ட. சுண்டுவெரல் நீளம்தான். கொல்லன் அடிச்ச ஒரு வளையத்துல கோத்தாப்புல முள்ளைப் புடுங்க இடுக்கி, முள்ளைச் சுத்தி நோண்ட ஊசி, காதுக் குரும்பை எடுக்கக் குட்டிக் கரண்டி. கருவேல முள்ளு குத்தாத காலு அப்ப கெடையாது. வரப்புல குந்திக்கிட்டு எச்சியைத் தொட்டு வச்சி, ஊசியால லேசா நெம்பி, இடுக்கியால ஒரே இழுப்பு. வேலை முடிஞ்சிது. அதுக்குச் சார்ஜும் கெடையாது, அப்டேட்டும் கெடையாது. அந்தக் கரண்டி காதுல இருந்த அடைப்பை வெளிய எடுத்துச்சு. நீ காசு குடுத்து அடைப்பு வாங்கி உள்ள வச்சிக்கிற. நாகரிகம்னா அதுதான் போலருக்குது.

அதுக்காக அந்தக் காலத்து ஆளுங்க எல்லாம் சித்தருங்கன்னு நெனச்சிப்புடாத. கையெழுத்து மட்டும் போடத் தெரிஞ்சவன் சட்டைப் பையில ரெண்டு பவுண்டன் பேனாவைச் சொருவிக்கிட்டுத் திருப்பாப்புலியூரு தேர்முட்டியில நின்ன காலம் உண்டு. தோல் ஒறை போட்ட டிரான்சிஸ்டரைத் தோள்ல மாட்டிக்கிட்டு, வேணும்னே சத்தமா வச்சிக்கிட்டு, பொண்ணு பாத்த ஊருக்குள்ள நடந்தவன் உண்டு. அந்த ரேடியோவுக்கு அப்பல்லாம் போஸ்ட் ஆபீசுல வருசா வருசம் லைசென்சு காசு கட்டணும், தெரியுமா? பாட்டு கேக்கச் சர்க்காரு சீட்டு. இந்தக் காலத்துப் புள்ளைங்க மட்டும்தான் கெட்டுப்போச்சுன்னு சொல்ற கெழவன் எவனாச்சும் இருந்தா, அவன் கல்யாண போட்டோவைக் கேட்டு வாங்கிப் பாரு. கை மணிக்கட்டை முன்னால நீட்டி வாட்ச்சு தெரியிறாப்புல நிப்பான்.

சரி, ஒவ்வொரு சாமானா வருவோம். மொதல்ல போனு. 1973 ஏப்ரல் 3ந் தேதி அமெரிக்காவுல மார்ட்டின் கூப்பருன்னு ஒரு இன்ஜினியரு, நியூயார்க்குத் தெருவுல நின்னு, கையில புடிச்ச போன்ல மொத மொதல்ல பேசுனாரு. அந்தப் போனு ஒரு கிலோவுக்கு மேல கனம். அரை மணி நேரம் பேச 10 மணி நேரம் சார்ஜ் போடணும். யாருக்குத் தெரியுமா பேசுனாரு? போட்டிக் கம்பெனிக்காரருக்கு. 'உனக்கு முன்னால நான் செஞ்சிட்டேன் பாரு'ன்னு காட்டத்தான். ஆக, கைப்போனு பொறந்த அன்னிக்கே பீத்திக்கிறதுக்குத்தான் பொறந்துச்சு. உன்னைச் சொல்லிக் குத்தமில்ல.

நம்ம தேசத்துல 1995 சூலை 31ந் தேதி கல்கத்தாவுல இருந்து ஜோதிபாசு டெல்லிக்குப் பேசுனாரு, அதுதான் மொதக் கைப்போன் பேச்சு. அதுக்கப்பறம் பல வருசம், நமக்கு வர்ற போனை எடுத்தாக்கூட நம்ம காசுதான் போவும். 2003லதான் அது ஒழிஞ்சிது. அதனால அப்பல்லாம் போன் அடிச்சா சனம் எடுக்காம முழிக்கும். இப்ப எல்லாம் இனாம், அப்பவும் நீ எடுக்க மாட்டேங்குற. உங்க ஆயா கூப்புட்டா மட்டும் 'சைலண்ட்டுல இருந்துச்சு ஆயா'ங்குற. ரீல்சு பாக்கும்போது மட்டும் அதுக்கு எப்படிடா வாய் தொறக்குது?

அடுத்தது பவர் பேங்கு. இதுலதான் உன்னைய நல்லா ஏச்சிப்புட்டான். மேல 20,000 எம்ஏஎச்சுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்குது. உன் போன் பேட்டரி 5,000. நாலு தடவ ரொப்பலாம்னு நீ கணக்குப் போட்டுட்ட. நாலாந் தடவ பாதியில கவுந்ததும் கடைக்காரனைத் திட்டுற. உள்ள இருக்கிற பேட்டரி 3.7 வோல்ட்டு, வெளிய குடுக்கிறது 5 வோல்ட்டு. ஏத்திக் குடுக்கிறதுல ஒரு பங்கு சூடாப் போயிடும், வயர்ல கொஞ்சம், போனுக்குள்ள கொஞ்சம். மூணு தடவ தேறுனா நல்ல சாமான்னு வச்சிக்க. மரக்கா அளக்குறப்ப தலை தட்டுறது எங்க காலத்துலயும் உண்டு, ஆனா தட்டுறவன் கை கண்ணுக்குத் தெரியும். இவன் பின்பக்கம் பொடி எழுத்துல உண்மையையும் எழுதித்தான் வச்சிருக்கான். நீதான் திருப்பிப் பாக்கல.

பரங்கிப்பேட்டை, லால்பேட்டைப் பக்கத்துலேருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போற உன் கூட்டாளிங்க கிட்டயும் இதைச் சொல்லி வையி. பவர் பேங்கைப் பெட்டிக்குள்ள போட்டு ஏத்திவுடக் கூடாது, கைப்பையிலதான் வச்சிக்கணும். 100 வாட் ஹவர் வரைக்கும் கேள்வி கேக்க மாட்டான். உன்னுது 74தான். எப்படின்னு கேக்குறியா? 20,000த்தை 3.7ஆல பெருக்கி ஆயிரத்தால வகுத்துக்க. இன்ஜினியரிங் படிக்கிற புள்ளைக்குக் கைநாட்டு சொல்லித் தர வேண்டியிருக்குது பாரு.

இந்த லித்தியம் பேட்டரியை லேசா எண்ணாத. 1991ல ஜப்பான்ல சோனிக்காரன் வியாபாரத்துக்குக் கொண்டாந்தான். அதுக்கு அடிப்படை கண்டுபுடிச்ச மூணு பேருக்கு 2019ல நோபல் பரிசு குடுத்தாங்க. அதுல குட்எனஃப்புன்னு ஒருத்தரு, பரிசு வாங்குறப்ப வயசு 97. அவ்ளோ வயசுல நோபல் வாங்குனவரு அதுக்கு முன்னால எவருமே கெடையாது. இனிமே 'கெழவனுக்கு என்ன தெரியும்'னு வாயைத் தொறக்குறதுக்கு முன்னால, உன் பாக்கெட்டுல இருக்கிறது ஒரு கெழவன் மூளைன்னு ஞாபகம் வச்சிக்க. அந்த பேட்டரிக்கு ஆவாதது சூடு. சித்திரை வெயில்ல பைக் டேங்க் மேல போனை வச்சிக்கிட்டு மேப்பு பாக்குற. ராத்திரி தலகாணிக்கு அடியில சார்ஜ் போட்டு மேல படுத்துக்குற. அடைகாத்து என்ன பொரிக்கப் போறன்னு தெரியல. வீங்கிப்போன பேட்டரியை அமுக்கிப் பாக்காத, குத்திப் பாக்காத. எடுத்துக் கடையில குடுத்துடு.

அந்தக் கரண்டு எங்கேருந்து வருதுன்னு யோசிச்சியா? நெய்வேலி நம்ம கடலூரு மாவட்டம்தான். ஜம்புலிங்க முதலியார் நெலத்துல கெணறு வெட்டப்போயி கறுப்பா ஏதோ வந்துச்சு, அதுதான் பழுப்பு நிலக்கரின்னு கண்டுக்கிட்டாங்க. 1956ல கம்பெனி, 1962ல கரண்டு. அதுக்காக எத்தினி ஊரு எடத்தைக் காலி பண்ணிக்கிட்டுப் போச்சு தெரியுமா? நீ ராத்திரி முச்சூடும் 100க்கு 100 ஆன பெறவும் சொருவியே வச்சிருக்கியே, அதுல நம்ம மாவட்டத்து மண்ணு எரியுது. வடலூர்ல வள்ளலாரு 1867ல மூட்டுன அடுப்பும் இன்னி வரைக்கும் அணையல. அது பசிச்சவனுக்குச் சோறு போட எரியுது. உன் சார்ஜர் சும்மா எரியுது.

வயரு விசயத்துல மட்டும் உன் காலம் கொஞ்சம் தெளிஞ்சிருக்குது, ஒத்துக்கிறேன். முன்னால நோக்கியாவுக்கு ஊசி முனை, இன்னொண்ணுக்குப் பட்டை முனை, ஆப்பிளுக்குத் தனிச் சாதி. ஐரோப்பாக்காரன் சட்டம் போட்டு எல்லாருக்கும் ஒரே முனைன்னு சொன்னதும் ஆப்பிள்காரனும் 2023ல டைப்-சிக்கு வந்து சேந்தான். சம்பந்தம் பேசுறதுல நம்ம சனத்துக்கு இன்னும் வராத புத்தி வயருக்கு வந்துடுச்சு. ஒரே முனைன்னு ஆன பெறவு அரை டஜன் வயரு எதுக்குடா? நல்லதா ஒண்ணு வச்சிக்க. பஸ் ஸ்டாண்டு வாசல்ல கூவி விக்கிறதை வாங்கி மூணு மாசத்துக்கு ஒண்ணு தூக்கிப் போடுறதுக்கு, ஒரு தடவ காசு போட்டு ஒழுங்கானதை வாங்கலாம்.

இப்ப கடியாரத்துக்கு வா. மணி பாக்கத்தான் கடியாரம்னு நான் இத்தினி நாளு நெனச்சிருந்தேன். உன்னுது நீ தூங்குனியா இல்லியான்னு உனக்கே சொல்லுதாமே. எந்திரிச்சதும் 'நேத்து சரியாத் தூங்கல தாத்தா, ஸ்கோரு 62'ங்குற. தூங்குனவனுக்குத் தெரியாத தூக்கம் கடியாரத்துக்கு எப்படித் தெரிஞ்சிதுன்னு நானும் வெசாரிச்சேன். அடியில பச்சையா ஒரு வெளக்கு மினுக்குது பாரு, ரத்தம் பச்சை வெளிச்சத்தைக் குடிக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கூடிக் கொறையிறதால திரும்பி வர்ற வெளிச்சமும் கூடிக் கொறையும். அதை எண்ணித்தான் நாடி சொல்லுது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனா வார் தளந்து கெடந்தா, கை ஆடுனா, கணக்கு தப்பும். நெஞ்சு வலிச்சா கடியாரத்தைப் பாத்துக்கிட்டு நிக்காத. 108க்குப் போன் போடு.

ஒரு நாளைக்குப் 10,000 அடி நடக்கணும்னு அது உன்னைய வெரட்டுதே, அந்தக் கணக்கு எந்த டாக்டரு சொன்னதுன்னு நெனக்கிற? டோக்கியோ ஒலிம்பிக்கு முடிஞ்ச அடுத்த வருசம், 1965ல, ஜப்பான்ல ஒரு கம்பெனி நடையை எண்ணுற கருவி ஒண்ணை வித்துச்சு. பேரே 'பத்தாயிரம் அடி அளவி'. விக்கிறதுக்கு வச்ச பேரு ஒலகத்துக்கே வைத்தியமாப் போச்சு. பின்னால வந்த ஆராய்ச்சிங்க அதுக்குக் கொறஞ்ச நடையிலயே பாதிக்கு மேல பலன் கெடைச்சிடுதுன்னு சொல்லுது. நடக்குறது நல்லதுதான், நட. ஆனா நீ என்ன பண்ணுற? கட்டுல்ல படுத்துக்கிட்டு ரீல்சு பாத்துக்கிட்டே கையை மட்டும் ஆட்டி ஆட்டி அடிக்கணக்கைக் கூட்டுற. உங்க ஆயா தெனம் நாத்து நடப் போறா. சேத்துக்குள்ள பின்னாலேயே நடந்து நடந்து எத்தினி அடின்னு எந்தக் கடியாரமும் எண்ணல. எண்ணியிருந்தா அவளுக்குத்தான் மெடலு. சிதம்பரத்துல கீழவீதி, தெற்குவீதி, மேலவீதி, வடக்குவீதின்னு நாலு தேர்வீதி இருக்குது. காலையில ஒரு சுத்து சுத்து. கடியாரம் எண்ணாட்டிப் போவுது, நடராசரு பாத்துக்கிட்டுதான் இருப்பாரு.

காதுக்கு வருவோம். பஸ்ஸுல ஏறுனதும் ரெண்டு காதையும் அடைச்சிக்குற. கடலூரு முதுநகரைத் தாண்டி ஆலைங்க இருக்கிற பக்கம் போவையில மூக்கை அடைக்கவும் ஒண்ணு வாங்கிக்கலியா? பாட்டு கேளு, வேணாங்கல. ஒலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்லுது: 80 டெசிபல் சத்தம்னா வாரத்துக்கு 40 மணி நேரம் தாங்கும். 90ன்னு ஏத்துனா வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பத்து கூட்டுனா நேரம் பத்துல ஒரு பங்கு ஆயிடுது. நம்ம பஸ்ஸுல டிரைவரு போடுற பாட்டுக்கு மேல நீ உன் பாட்டைக் கேக்கணும்னா எவ்ளோ ஏத்துவன்னு எனக்குத் தெரியாதா? காதுக்குள்ள இருக்கிற பொடி மயிரு ஒரு தடவ செத்தா மறுபடி மொளைக்காது. அப்பறம் என் வயசுக்கு முன்னாலயே 'என்னா? என்னா?'ன்னு கேட்டுக்கிட்டுத் திரிவ. பொண்டாட்டி வந்த பெறவு அது சௌகரியம்தான், ஆனா அதுவரைக்கும் காது வேணும். இன்னொண்ணு, நாலு வழி ரோட்டைக் கடக்கையிலயும் லெவல் கிராசிங்குலயும் அந்த மொட்டைக் கழட்டு. ரயில்காரன் நோட்டிபிகேசன் அனுப்ப மாட்டான்.

அந்த மொட்டுக்கும் போனுக்கும் நடுவுல வயரு இல்லாத பேச்சு 10 மீட்டருக்குப் போவும்னு பெருமையாச் சொன்ன. நம்ம கடலூருக்கு ரேஞ்சு புதுசு இல்லடா. 1690ல இங்கிலீசுக் கம்பெனிக்காரன் மராட்டியருங்க கிட்ட தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்குனான். செயிண்டு டேவிட் கோட்டைன்னு பேரு வச்சான். கோட்டை மட்டும் இல்ல, கோட்டையில இருந்து பீரங்கி சுட்டா குண்டு எவ்ளோ தூரம் போயி வுழுவுதோ அது வரைக்கும் சேத்துன்னு ஒப்பந்தம். இருக்கிறதுலயே பெரிய பீரங்கியாக் கொண்டாந்து நாலாப் பக்கமும் சுட்டான். குண்டு வுழுந்த ஊரெல்லாம் அவன் ஊரு. இன்னிக்கும் குண்டு உப்பலவாடி இருக்குது, குண்டுசாலை இருக்குது, போயிப் பாரு. கவரேஜு ஏரியாவை அளந்து காட்டிட்டு வரி வசூலுக்கு வந்துட்டான். இப்பவும் சிக்னலு எட்டுற எடமெல்லாம் எவனோ உங்கிட்ட வசூல் பண்ணிக்கிட்டுதான் இருக்கான். நீதான் ரீசார்ஜுன்னு பேரு வச்சிருக்க.

பிச்சாவரத்துக்குச் செல்ஃபி குச்சியோட போனியே, அது எனக்கு ரொம்பப் புடிச்சிது. தில்லை மரத்தையும் சுரபுன்னையையும் பாக்க வெளிதேசத்துக்காரன் கப்பலேறி வர்றான். நீ படகுல குந்திக்கிட்டு அந்தக் காட்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உன் மூஞ்சையே பாத்துட்டு வந்த. அந்த மூஞ்சி வூட்டுக் கண்ணாடியிலயே தெரியுமே, படகுக் காசு மிச்சம். உப்புத் தண்ணியில போனு வுழுந்தா அரிசிப் பானைக்குள்ள பொதைக்கிறது நம்ம ஊரு வைத்தியம். அது வேண்டாம்னு ஆப்பிள்காரனே 2024ல சொல்லிப்புட்டான், நொய்யும் தூசும் ஓட்டைக்குள்ள போயி இன்னும் கெடுக்குமாம். அணைச்சிட்டு, தண்ணியை ஒதறி, காத்தாட வையி. உப்புத் தண்ணின்னா தாமதிக்காம ரிப்பேருக்குக் குடு. அரிசி சோத்துக்குத்தான்.

கோயிலுக்குள்ள போனா பையில வை. 2022 டிசம்பர்ல ஐகோர்ட்டே தமிழ்நாட்டுக் கோயில்கள்ல செல்போனுக்குத் தடை போடச் சொல்லுச்சு. கோர்ட்டு சொல்லாட்டியும் சிதம்பரத்துல அது ஒரு தமாசுதான். திரையை வெலக்குனா உள்ள ஒண்ணுமே இல்லாத வெட்டவெளி, தங்க வில்வ மாலை மட்டும் தொங்கும். அந்த ஒண்ணுமில்லாததைப் பாக்கத்தான் காலங்காலமா சனம் வந்து நிக்குது. நீ அங்க போயும் நாலு கோடு சிக்னலு இருக்குதான்னு பாக்குற. வள்ளலாரைப் பத்தி ஒரு கதை சொல்வாங்க. மெட்ராசுல இருந்து போட்டோ புடிக்கிறவரு வந்து எட்டுத் தடவ புடிச்சும் வெள்ளை வேட்டிதான் வுழுந்துச்சாம், அவரு உருவம் வுழலியாம். நெசமோ கதையோ, எனக்குத் தெரியாது. ஆனா ஒரு படம்கூட இல்லாம ஒரு மனுசன் இத்தினி பேரு மனசுல நிக்கிறாரு. உன் போன்ல உன் படம் மட்டும் எத்தினி ஆயிரம்னு நீயே எண்ணிச் சொல்லு.

தாத்தன் கிண்டல் பண்ணியே காலத்தைத் தள்ளுறான்னு நெனக்காத. சாமானோட அருமையும் எனக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த காலை. நமக்கு வடக்கால, பாண்டிச்சேரி எல்லையில நல்லவாடுன்னு மீன்புடி ஊரு. அந்த ஊருக்காரரு ஒருத்தரு சிங்கப்பூர்ல வேலை பாத்தாரு. அங்க டிவியில சேதி பாத்துட்டு வூட்டுக்குப் போன் போட்டாரு. கடல் தண்ணி ஊருக்குள்ள வருதுன்னு இங்க பதட்டம். உடனே எல்லாரையும் வெளியேத்துங்கன்னாரு. மீனவங்களுக்குக் கடல் நெலவரம் சொல்ல சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வச்ச மையம் ஒண்ணு அந்த ஊருல இருந்துச்சு. அதோட கதவை ஒடைச்சி, உள்ள இருந்த ஒலிபெருக்கியில கூவுனாங்க. மூவாயிரத்துக்கும் மேல சனம் தப்பிச்சிது. வூடு போச்சு, படகு போச்சு, உசுரு நின்னுச்சு. அன்னிக்கு நம்ம தேவனாம்பட்டினத்துலயும் கிள்ளைப் பக்கத்துத் தீவுங்கள்லயும் அந்த ஒரு கூவலு இல்ல.

கணக்குப் பாரு. ஒரு போனு. ஒரு ஒலிபெருக்கி. ஊரை மனசுல வச்சிருந்த ஒரு மனுசன்.

ஏழு வருசம் கழிச்சி 2011 டிசம்பர் 30 விடியக்காலையில தானே புயலு. நமக்கும் பாண்டிக்கும் நடுவுல கரையேறுச்சு. பண்ருட்டிப் பக்கம் அப்பன் தாத்தன் வச்ச பலா மரமும் முந்திரியும் வேரோட சாஞ்சிது. கரண்டுக் கம்பம் வரிசையாப் படுத்துடுச்சு. டவரும் செத்துப்போச்சு. எல்லார் கையிலயும் போன் இருந்துச்சு, எவனாலயும் பேச முடியல. ஒருத்தன் ஜெனரேட்டரைக் கொண்டாந்து வச்சி, போனுக்கு இவ்ளோன்னு காசு வாங்கிச் சார்ஜ் போட்டான். எது யாருதுன்னு தெரிய ஒவ்வொரு போன்லயும் பேரு எழுதித் துண்டுச் சீட்டு ஒட்டி, மேசையில பரப்பி வச்சிருந்தான். அன்னிக்கு ஊருல ராசா யாரு தெரியுமா? பொத்தான் அமுக்குற பழைய போனை வச்சிருந்தவன். ஒரு தடவ சார்ஜ் போட்டா பல நாளு நிக்கும், தலையில டார்ச்சு, உள்ள எஃப்எம் ரேடியோ. பெரிய போன்காரனெல்லாம் அவன் வூட்டு வாசல்ல நின்னான்.

முதுநகரு துறைமுகத்துல கடலுக்குப் போறவங்களைப் பாத்துக் கத்துக்க. கரையை வுட்டுக் கொஞ்ச தூரம் போனா டவரு கெடையாது. அங்க அவங்க ஜிபிஎஸ்ஸும் வயர்லெஸ் பெட்டியும் வச்சிருக்காங்க. ஜிபிஎஸ்ஸுக்கு டவரு வேண்டாம், மேல இருக்கிற சாட்டிலைட்டு போதும். வயர்லெஸ்ஸு படகுக்குப் படகு நேராப் பேசும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை, அதை வேற ஒண்ணு செய்யாது. அழகுக்குன்னு ஒரு சாமான் படகுல ஏறாது. ஏறுனா மீனு வைக்க எடம் கொறையும்.

இதுதான் நான் சொல்ல வந்தது. சாமான் வாங்குறதுக்கு முன்னால ஒரே கேள்வி கேளு: கரண்டும் டவரும் இல்லாத ராத்திரியில இது எனக்கோ பக்கத்து வூட்டுக்காரனுக்கோ ஒதவுமா? ஒதவுனா சும. ஒதவலியா, அது நகை. நகை போடக் கூடாதுன்னு நான் சொல்லல, ஆனா நகைன்னு தெரிஞ்சி போட்டுக்க.

அப்படிப் பாத்தா உனக்கு வேண்டியது கொஞ்சம்தான். போனு ஒண்ணு. நல்ல வயரு ஒண்ணு. பவர் பேங்கு ஒண்ணு. புயலு எச்சரிக்கை வந்தா மொதல்ல அதை ரொப்பி வையி. சின்ன டார்ச்சு. தண்ணி பூராத பிளாஸ்டிக்குப் பை ஒண்ணு. காது மொட்டை வச்சிக்க, அது உன் வயசுக்கு நேந்த குத்தம். மத்ததைப் பெட்டியில பூட்டு. போன்ல *#06#ன்னு அமுக்குனா 15 இலக்கம் வரும், அதை எழுதி வூட்டுல வையி. போன் திருடு போனா போலீசுல எழுதிக் குடுத்துட்டு, சஞ்சார் சாத்திங்கிற சர்க்காரு தளத்துல அந்த நம்பரைக் குடுத்து முடக்கிப்புடலாம். எவனாச்சும் ஏமாத்திக் காசைப் புடுங்குனா தாமதிக்காம 1930க்குச் சொல்லு. வெள்ளம், புயலுன்னா கலெக்டர் ஆபீசுக்கு 1077.

கடைசியா ஒண்ணு. உன் போனைப் புடுங்கிக்கிட்டு, 'உங்க ஆயா நம்பரு என்னா?'ன்னு கேட்டா உனக்குச் சொல்லத் தெரியுமா? தெரியாது. உங்கப்பன் நம்பரும் தெரியாது. எல்லாம் அதுக்குள்ளதான் இருக்குது. தானேயில டவரு செத்த மூணாம் நாளு, எவனோ ஒருத்தன் போன்ல மட்டும் சிக்னலு வந்து, 'யாருக்காச்சும் பேசணும்னா பேசுங்க'ன்னு நீட்டுனான். வாங்குன பாதிப் பேருக்கு நம்பரு தெரியல, கையில புடிச்சிக்கிட்டு முழிச்சாங்க.

நம்ம கடலூரு மாவட்டத்துல ஐப்பசி பொறந்தா கரண்டுக் கம்பத்துக்கு உத்தரவாதம் கெடையாது. அதுக்குள்ள மூணு நம்பரை மனப்பாடம் பண்ணிப்புடு பேராண்டி. ஒவ்வொண்ணும் பத்து இலக்கம்தான், கனமே இல்ல.